எண்ணெய் படாத கோழி

நான் துணிக்கடைக்காரன். உஸ்மான் ரோட்டில் பன்னிரண்டு வருஷமாக, "டெரிலின் சார், சாயம் போகாது, கசங்காது" என்று கூசாமல் சொல்லி விற்றவன். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மொட்டைமாடியில் கரியடுப்பின் மேலிருந்த கம்பி வலையைத் திருப்ப, கைக்கு அகப்பட்ட ஒரு டெரிலின் துண்டை மடித்துப் பிடித்தேன். அது கசங்கவில்லை. உருகியது. விரலோடு ஒட்டிக்கொண்டதும் வலையை விட்டுவிட்டேன். தயிரும் மிளகும் பூசி இரண்டு மணி நேரம் ஊற வைத்த கோழியில் பாதி, நெருப்புக்குள் குதித்தது. ஒரு கால் மட்டும் கைப்பிடிச் சுவர் வரை போய் ஒரு காக்கைக்குக் கிடைத்தது.

என் மனைவி தங்கபுஷ்பம் ஓடி வந்து என் கையை வாளித் தண்ணீருக்குள் அமுக்கினாள். திட்டவில்லை. டம்ளர் கை தவறினாலே அரை நாள் திட்டுகிறவள் அவள்.

பத்து நாள் முன்பு கடையில் ஜவுளிக் கட்டைப் பிரிக்கும்போது மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஆழ்வார்பேட்டை டாக்டர் என்னைச் சோதித்துவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார். புஷ்பத்தையும் அவள் தம்பி தனபாலனையும் மட்டும் உள்ளே கூப்பிட்டுக் கால்மணி நேரம் பேசினார். என்ன சொன்னார் என்று புஷ்பத்திடம் கேட்டால், "ஒண்ணுமில்ல. எண்ணெய் கூடாதாம். கோழி வேணும்னா தோலை உரிச்சுச் சுட்டுத் திங்கச் சொன்னாவ" என்றாள். ஒன்றுமில்லாததைச் சொல்லக் கால்மணி நேரமா? அன்றிலிருந்து எனக்கு உட்கார்ந்தால் நிற்கத் தோன்றுகிறது, நின்றால் நடக்கத் தோன்றுகிறது. இந்த அடுப்பு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டதே அதனால்தான்.

தனபாலன் படியேறி வந்தான். மிச்சத் துண்டுகளை வலையில் அடுக்கியபடி, "மாப்ள, டாக்டர் என்னடே சொன்னாரு?" என்றேன்.

"தீபாவளிச் சரக்குக்கு நானே சூரத் போயிட்டு வாரேன் அத்தான். நீங்க அலைய வேண்டாம்."

"நான் கேட்டது சூரத்தையா?"

"கரி நல்லாப் பிடிச்சிருக்கு" என்று விசிறியை எடுத்துக்கொண்டான்.

ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டேன். எலுமிச்சை தூக்கலாக, கருகின ஓரத்தோடு, மோசமில்லை. ஆனாலும் முகத்தைச் சுளித்தேன். நல்ல சரக்கையும் குறை சொல்லியே வாங்குவது என் தொழில் பழக்கம். "என்ன இது, ஆஸ்பத்திரிக் கோழி! நல்லெண்ணெயில ஒரு துண்டு பொரிச்சுத் தாயேன், புஷ்பம்."

அவள் வாயைத் திறக்குமுன் தனபாலன் முந்திக்கொண்டான்: "குடுத்துரேன் அக்கா. ஆசைப்பட்டுக் கேக்காவ."

கைவிட்ட ஆளுக்குத்தான் எங்கள் பக்கத்தில் கேட்டதையெல்லாம் கொடுப்பார்கள். என் பெரியப்பாவுக்குக் கடைசி வாரம் தினமும் அல்வா வந்தது. அவர் சர்க்கரை வியாதிக்காரர்.

புஷ்பம் எண்ணெய்ப் புட்டியை எடுக்கக் கீழே போகிறாளா என்று பார்த்தேன். போகவில்லை. தம்பியின் கையிலிருந்து விசிறியை வெடுக்கென்று பிடுங்கினாள். "நீ கீழ போலே."

அவன் போய்விட்டான்.

"புஷ்பம், நான் போயிருவேனா?" சிரித்துக்கொண்டே கேட்கத்தான் நினைத்தேன். சிரிப்பு வரவில்லை.

அவள் அடுப்பையே விசிறிக்கொண்டிருந்தாள்.

"ஏன் மறைக்கே?"

"சொன்னா, கடைக்கு வாரவங்ககிட்ட எல்லாம் அதையும் தமாஷாச் சொல்லுவீய. எனக்குக் கேட்டுக்கிட்டு நிக்க முடியாது."

"சொல்ல மாட்டேன். நிசமா."

விசிறியை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"நெஞ்சுல ஒரு பக்கம் கெட்டுப்போச்சாம். அது இனிச் சரியாகாதாம். இன்னொரு தடவை வலி வந்தா ஆள் நிக்காதுன்னாவ. நாக்கைக் கட்டி, சிகரெட்டை விட்டு, அலையாம இருந்தா பத்து வருஷம் இருக்கலாம்னாவ. அதுக்கு மேலயும் இருப்பாவளான்னு கேட்டேன். அது தெரியாதுன்னாவ."