டிரையர் சத்தத்தில்

"கல்யாணம் எப்போ?" என்று முடி வெட்டும் அக்கா என் காதோரம் கத்தரியை வைத்துக்கொண்டு கேட்டாள். தலையைக்கூட ஆட்ட முடியாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்களுக்கு எதுக்குக்கா இந்த ஊர்வம்பு?" என்று கேட்டே விட்டேன்.

அக்கா கோபப்படவில்லை. குனிந்து, "எனக்கும் கேட்டுக் கேட்டு வாய் வலிக்குதும்மா. வர்றவங்ககிட்ட பேச்சுக் குடுக்கலேன்னா முதலாளியம்மா திட்டுவாங்க" என்று கிசுகிசுத்தாள்.

"அப்போ அந்த டிரையரைப் போடுங்க."

போட்டாள். அந்த இரைச்சலில் யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது. நான் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டேன். அக்கா வாயை மூடிக்கொண்டு ஈர முடியை உலர்த்தினாள். அப்பாடா!

கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தேன். முதலாளியம்மா கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். அக்கா சட்டென்று சத்தமே வராமல் வாயசைத்தாள். நானும் சளைக்காமல், கையை ஆட்டி ஆட்டி, ஒரு வார்த்தைகூடப் பேசாமல் என் கல்யாணக் கதையை முழுசாகச் சொல்லி முடித்தேன்.

முதலாளியம்மா முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.