அட்டைக்கு அடியில் அளவுத்திட்டம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை நான் தப்பாகப் போட்ட கணக்கிலிருந்து வந்தது. தொட்டியில் நீர் குறைவதைக் காட்டும் வரைபடம். மூன்று மணி நேரத்தில் கோடு ஆறு கட்டம் இறங்குகிறது. மணிக்கு இரண்டு லிட்டர் என்று எழுதிவிட்டு நிம்மதியாக எழுந்துபோனேன். ஒரு கட்டம் ஐந்து லிட்டர் என்று அளவுத்திட்டம் மூலையில் பொடியெழுத்தில் இருந்தது. எனக்கென்ன போச்சு? அந்தத் தப்பைத் தூக்கி, அதனால் இழக்க ஏதாவது இருக்கிற ஒருத்தி தலையில் கட்டிவிட்டேன்.

2

வானம் இருண்டு, காற்று (வேண்டாம். பரீட்சைக்கும் வானத்துக்கும் என்ன சம்பந்தம்?)

விடைக்காரி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். (இது இருக்கட்டும்.)

பயிற்சிப் புத்தகம் போடும் அச்சகத்தில் கணக்குகளுக்கு விடை எழுதுவது அவள் வேலை. அதனால் அந்தப் பெயர். இன்று காலை ஒன்பதேகாலுக்குப் பக்கம் அமைக்கிற பெண் தாளோடு வந்து நின்றாள்.

"அக்கா, பதினேழாவது தொட்டிக் கணக்குக்கு ரெண்டுன்னு போட்டிருக்கீங்க. எனக்குப் பத்து வருதே."

பார்த்ததும் புரிந்தது. ஒரு கணக்கைப் போடும்போது மற்றதெல்லாம் கண்ணில் படாமல் பக்கத்தை அட்டையால் மூடிக்கொள்வது அவள் வழக்கம். அளவுத்திட்டம் அட்டைக்கு அடியில் போய்விட்டது. இயற்கணிதமென்றால் விடையைத் திருப்பிப் போட்டுப் பார்த்திருப்பாள். முக்கோணமென்றால் கோணங்களைக் கூட்டி நூற்றெண்பது வருகிறதா என்று பார்த்திருப்பாள். வரைபடம் வாயே திறக்காது.

புத்தகத்தைத் திருத்திக்கொள்ளலாம். அவள் பயம் அதுவல்ல. அந்த அட்டைப் பழக்கத்தை மகளுக்கும் சொல்லிக்கொடுத்திருந்தாள். மகளுக்குப் பத்து மணிக்குக் கணக்குப் பரீட்சை.

3

(இங்கே நீங்கள் குறுக்கிடுவீர்கள்: ஓடிப்போய், "அளவுத்திட்டத்தைப் பாருடி" என்று சொன்னால் தீர்ந்தது, இதிலென்ன கதை? போன வருடம் இதே பரீட்சைக்குப் பள்ளி வாசலில், "பேனாவுல மை இருக்கா பாரு" என்றுதான் விடைக்காரி சொன்னாள். அதற்கே பிள்ளை பதறிப்போய், வெற்றுத்தாளைக் கொடுத்துவிட்டு வந்தது. முழு வினாத்தாளையும் ஒரே பார்வையில் பார்த்தால் மகளுக்கு மூச்சடைக்கும். அட்டை வந்த பிறகுதான் பயமில்லாமல் கணக்குப் போட்டாள். அதைக் குறை சொன்னால் என்ன மிஞ்சும்? சொல்லாவிட்டால், வரைபடக் கணக்குகள் போகும். பாஸாவதே அதை நம்பித்தான்.)

4

விடைக்காரி ஓடினாள். மகள் எதிர்ப்படவே இல்லை என்று ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். அது தப்பித்துக்கொள்ளும் வேலை, கிழித்துப்போட்டேன். சொன்னாள், மகள் சிரித்தாள், பாஸானாள் என்று இன்னொன்று. எனக்கே நம்பிக்கை வரவில்லை.

வாசலில் மகள் நிற்கிறாள். கையில் பேனா, அளவுகோல், அட்டை.

"ஏம்மா ஆபீஸ் போகல? முகம் ஏன் இப்படி இருக்கு?"

"சும்மாதான்டி. பாத்துட்டுப் போகலாம்னு."

"எனக்கு இந்தத் தடவை பயமே இல்லம்மா. நீ சொன்ன மாதிரியே போட்டுட்டு வந்துடறேன்."

முதல் மணி அடித்தாகிவிட்டது. காவலர் கதவில் கை வைத்துவிட்டார். நான் இந்த இடத்தில் மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறேன். விடைக்காரி வாயில் போட எனக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

"என்னம்மா, ஏதாவது சொல்லணுமா?" என்று மகள் கேட்கிறாள்.

நீங்கள் சொல்லுங்கள்.