அண்ணனின் ஈசிஜி

ஈசிஜி மெஷினுக்கு வாய் நீளம். இதயத்தின் மேலறை படபடக்கிறது என்று தாளின் உச்சியிலேயே அச்சடித்துத் தள்ளிவிட்டது. கட்டிலில் படுத்திருந்தவர் டாக்டரின் கூடப்பிறந்த அண்ணன், சலூன் வைத்திருப்பவர். நெஞ்சு சரியில்லை என்று சொல்லி ஒரு மாதமாகச் சவரக்கத்தியைத் தொடாமல், கடை மொத்தத்தையும் அண்ணியின் தலையில் கட்டியிருந்தார்.

மெஷின் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிற ஆள் இல்லை டாக்டர். தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். முதல் இரண்டு வரிகளின் அடிக்கோட்டில் பொடிப்பொடியாக ரம்பப்பல். ஆனால் அதன் நடுவே பெரிய முனைகள், எதையும் சட்டை செய்யாமல், ஒரே இடைவெளியில் போய்க்கொண்டிருந்தன. மூன்றாவது வரியில் ரம்பப்பல் மருந்துக்கும் இல்லை. ஒவ்வொரு முனைக்கு முன்னாலும் மேலறையின் சின்ன மேடு ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. அவளுக்குச் சிரிப்பே வந்தது. இதயம் கெட்டிருந்தால் இந்த வரி மட்டும் தப்புமா?

முதல் இரண்டு வரிகளும் வலது கை ஒயரைச் சேர்த்து எடுப்பவை. மூன்றாவதற்கு இடது கையும் காலும் போதும். அப்படியானால் ஆடுவது வலது கை. சிரிப்பு பாதியில் நின்றது.

"அண்ணே, உன் இதயம் குண்டுக்கல்லு மாதிரி இருக்கு. வலது கையப் போர்வைலேர்ந்து வெளிய எடு."

எடுத்தார். கட்டைவிரல் பக்கத்து விரலோடு சேர்ந்து மாத்திரை உருட்டுவதுபோல் தானாக உருண்டுகொண்டிருந்தது.

"மெஷின் சொன்னபடியே இருக்கட்டும், பாப்பா. நெஞ்சு நோய்னா ஐயோ பாவம்பாங்க. கை நடுங்குறவன்கிட்ட எவன் கழுத்தக் காட்டுவான்?"

அவள் விட்டுக்கொடுக்கவில்லை. நெஞ்சு முடியை மழிக்க வைத்திருந்த ரேஸரை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

"நெஞ்சுல காடா இருக்கு. ஒயர் ஸ்டிக்கர் சரியா ஒட்டல, இன்னொரு தடவ எடுக்கணும். நீயே மழி."

தயங்கித் தயங்கித்தான் வைத்தார். தோலில் பட்டதும் விரல்கள் அடங்கின. உள்ளங்கை அகலத்துக்கு, ஒரு கீறல் இல்லாமல் மழித்துவிட்டுத் தன் கையையே பார்த்தார்.

"சும்மா இருக்கறப்பதான் ஆடுது. இதுக்கு மாத்திரை இருக்கு. நாளைக்கு நரம்பு டாக்டர்கிட்ட போறோம். கடை விஷயம் அவர் பாத்துட்டுச் சொல்லட்டும்."

"உங்க அண்ணிக்கு மட்டும் நெஞ்சுன்னே சொல்லிடேன்."

"நீ தூங்குனதும் உன் மூக்குல விரல வச்சு, மூச்சு வருதான்னு பாக்கறாங்களாம். ஒரு மாசமா அவங்களுக்குத் தூக்கமே இல்ல. என்கிட்ட சொல்லி அழறாங்க."

அண்ணன் ரேஸரைக் கீழே வைத்தார்.

"வெளியதானே உக்காந்திருக்கா? உள்ள கூப்பிடு. நானே சொல்றேன்."