தன் ஈமத்தேறலைத் தானே பருகியவன்

கதிரவன் மேலைக்கடலுள் இறங்க மனமின்றி நெடுநேரம் தயங்கி நிற்க, கரும்பாறை இடுக்குகளில் கடற்புள்ளினம் கூச்சலிட்டு அடங்க, பனி விழுமுன் ஆடுகளைப் பட்டிக்கு இறக்கிவரும் ஏவலரின் அழைப்பொலி குடாவெங்கும் எதிரொலிக்க, ஆல்கவிக் என்னும் கடற்கரையூரின் கூதிர்கால மாலை மெல்ல இருண்டுகொண்டிருந்தது. கரைமேட்டில், புல் வேய்ந்த கூரையின்மேல் நீலப்புகை எழும் அந்த நெடுமனை அவுதுனுடையது. மேலைக்கடலுக்கு அப்பால் மரமடர்ந்த நிலம் ஒன்று உண்டென்று முதன்முதல் கண்டுவந்து சொன்னவன் அவன். அந்நிலம் நாடி மீண்டும் போனவன் மூன்று குளிர்காலம் கடந்தும் திரும்பவில்லை. அன்று அவனுக்கு ஈமத்தேறல் பருகும் நாள். ஊர் முழுதும் அம்மனையில் கூடி, புகையிட்ட ஆட்டிறைச்சியும் வெண்ணெய் தடவிய உலர்மீனுமாக உண்டுகொண்டிருந்தது. அழுதுகொண்டே உண்பதில் எம்மவர் எவருக்கும் இளைத்தவரல்லர், நல்லீர்!

ஈமத்தேறல் நாளில் இறந்தவனின் உயரிருக்கை வெறுமையாய் இருக்க, அதன் படியில் மைந்தன் அமர்ந்திருப்பான். தேறல் நிறைந்த கொம்பு வந்ததும் எழுந்து, சூளுரை ஒன்று உரைத்து, ஒரே மூச்சில் பருகி, தந்தையின் இருக்கையில் ஏறுவான். பருகியபின் அச்சூளைப் பிழைத்தவனை எம்மவர் மனிதருள் வைத்து எண்ணுவதில்லை. மைந்தன் கோல்பேன் என்ன சூளுரைக்கப் போகிறான் என்பதை அவன் தாய் யோருன் அன்று காலையில்தான் அறிந்தாள். தந்தை சென்ற வழியே தானும் மேலைக்கடல் செல்வான் என்பதே அது. கொண்டவனைக் கொண்ட கடல் பெற்ற மகனையும் கேட்கிறதே என்று, கொம்பு வருமுன் அவள் அவனருகே விரைந்தாள்.

"வேற ஏதாச்சும் சொல்லித் தொலையேன்டா. நூறு ஆடு வளர்ப்பேன்னு சொல்லு, பக்கத்துக் குடாக்காரன் மண்டைய உடைப்பேன்னு சொல்லு. கடல் மட்டும் வேணாம்," என்று அவன் தோளைப் பற்றிக் கெஞ்சினாள்.

"அப்பா எலும்பு எங்க கிடக்குன்னே தெரியாம அந்த இருக்கையில எப்படிம்மா உக்கார்றது?"

"அவரு செத்தாருன்னு யாருடா பாத்தா?"

அவுதுனின் தம்பி கிரிம் குறுக்கிட்டான். அண்ணனுக்காக அழுது கண் வீங்கியவன், தன் கையாலேயே நடுகல் செதுக்கி நட்டவன். "எத்தன வருசம்தான் இதையே சொல்லிக்கிட்டு இருப்பீங்க அண்ணி? ஊர்மன்றத்துல இந்த வீட்டுக்குன்னு பேச ஒரு ஆளில்ல. மேய்ச்சல் நிலத்துல பாதிய அடுத்தவன் வளைச்சுட்டான். கொம்பக் கொண்டாரச் சொல்லுங்க."

அவ்வேளையில் கதவு திறந்தது. தலைமுதல் கால்வரை கடல்நீர் சொட்டச்சொட்ட அவுதுன் வந்து நின்றான்.

வேறு நாட்டவராயின் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்திருப்பர். எம்மவரோ எழுந்து வழிவிட்டனர்! கடலில் மாண்டவன் நனைந்த உடையோடு தன் ஈமவிருந்துக்கு வந்து நெருப்பருகே அமர்ந்தால், ஆழத்தில் வலைவீசி மாந்தரை அள்ளும் ரான் என்னும் கடலணங்கு அவனை நன்கு வரவேற்றாள் என்பது எம் முன்னோர் கண்ட குறி. அப்படி வருபவனிடம் பேசலாகாது, அவனைத் தொடலாகாது.

"பாத்தீங்களா அண்ணி! அண்ணன அவ நல்லாத்தான் வச்சிருக்கா. எம்புட்டுத் தண்ணி சொட்டுது பாருங்க!" என்று கிரிம் மகிழ்ச்சியில் விம்மினான்.

உண்மை யாதெனில், அவுதுன் செத்தவனல்லன். முந்தைய இரவெல்லாம் குடாவின் வாயில் புயலோடு மல்லுக்கட்டி, காற்றை மீறிக் கூவிக்கூவிக் குரலிழந்து, கப்பலை மலைமுனைக்குப் பின்னே தோழர்பால் விட்டு, தன் மனைப்புகையைக் கண்ட ஆவலில் அலையில் குதித்து முன்னே ஓடிவந்தவன். வாய் திறந்தான், காற்றுத்தான் வந்தது. தம்பியை நோக்கிக் கைநீட்டினான். தம்பி பணிவோடு பின்வாங்கினான். என்ன கொடுமை பாருங்கள், சொந்த வீட்டில் ஒருவரும் முகங்கொடுக்கவில்லை. குளிர் பொறாமல் நெருப்பருகே சென்று குந்தினான்.

யோருனுக்கோ உலகமே இருண்டது. பிறர் அனைவரும் கைவிட்டபின்னும் அவள் காத்துவந்த நம்பிக்கை அந்த நனைந்த உருவத்தைக் கண்டதும் செத்தது. கோல்பேனுக்கு எஞ்சியிருந்த தயக்கமும் தீர்ந்தது. எழுந்து கொம்பை ஏந்தினான்.

"அப்பா முன்னாலயே சொல்றேன். அவர் போன வழியில நானும் போவேன். அவர் முடிக்காதத முடிக்காம இந்தக் கரைக்குத் திரும்ப மாட்டேன்!"

அவுதுன் வேண்டாமென்று தலையாட்டினான். குளிரில் உடம்பெல்லாம் ஆடியதால் எது வேண்டும், எது வேண்டாம் என்று யாருக்குத் தெரியும்? "தலையாட்டுறாரு! சம்மதம்தான்!" என்றது கூட்டம். கொம்பு உதட்டை நெருங்கியது.

அப்போது அவுதுன் தும்மினான். கூரை அதிரும் தும்மல்.

யோருன் நிமிர்ந்தாள். அவன் மேலங்கியிலிருந்து நீராவி எழுந்துகொண்டிருந்தது. "செத்தவனுக்கு எங்கயாச்சும் தும்மல் வருமா?" என்றவள், எவர் தடுத்தும் நில்லாமல் பாய்ந்து அவன் தாடியைப் பற்றினாள். புறங்கையில் மூச்சுச் சுட்டது.

"டேய், குடிக்காதடா! உங்கப்பன் உசுரோட இருக்கான்!"

கோல்பேனின் கை அப்படியே நின்றது. ஒரு துளியும் உள்ளே இறங்கவில்லை. யோருன் கணவனின் மார்பில் இரு கையாலும் குத்தினாள். குத்திய இடத்திலேயே முகம் புதைத்து அழுதாள். "வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னா என்னய்யா?"

"தொண்ட... கட்டிப்போச்சு," என்று கரகரத்தான் அவுதுன். மனை முழுதும் வெடித்துச் சிரித்தது.

சூடான பால் உள்ளே போனதும் குரல் கொஞ்சம் திரும்பியது. ஊற்றிய ஈமத்தேறலை மீண்டும் சாடியில் கவிழ்ப்பது முறையன்று. இதை யார் பருகுவது என்று கிரிம் கையைப் பிசைந்தான். அவுதுன் கொம்பை வாங்கினான்.

"கடலோடி அவுதுன் செத்துட்டான். அந்த நிலம் இருக்கு, மரமும் இருக்கு, நம்மாளுங்க சில பேரு அங்கயே தங்கிட்டாங்க. நான் மட்டும் அங்க உக்காந்து இந்த வீட்டுப் புகையத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். இனிமே குடாவத் தாண்டி என் துடுப்பு போகாது." பருகி முடித்து, மகனை நோக்கினான். "குடிக்காத சூள் சூளே இல்ல. கடல் உனக்கே புடிச்சா ஒரு நாள் போ. செத்தவனுக்காகப் போகாத."

கோல்பேன் அப்பாடா என்று பலகையில் சாய்ந்தான். அத்தனை நாள் அடக்கிய அழுகை அப்போதுதான் வந்தது.

'மேலைக்கடல் கொண்ட அவுதுன்' என்று செதுக்கிய கல்லைப் பெயர்த்துவிடவா என்று மறுநாள் கிரிம் கேட்டான். "இருக்கட்டும்டா. முதுகு சொறிய ஆகும்," என்றான் அண்ணன். அவன் காட்டிய வழியில் பின்னர்ப் பல கப்பல்கள் சென்றன; அவனோ அந்தக் கல்லில் சாய்ந்தபடி ஆடு மேய்த்தான். நரைமுதிர்ந்து தன் படுக்கையிலேயே அவன் கண்மூடியபோது, ஒருவனுக்கு இருமுறை ஈமத்தேறல் இல்லையாதலால், எவரும் கொம்பு ஏந்தவில்லை. யோருன் மட்டும் அருகே அமர்ந்து அவன் மேலங்கியைத் தடவிப் பார்த்தாள். அது உலர்ந்திருந்தது.