முப்பத்தெட்டு ஆட்டம், கோல் பூஜ்யம்

கிருபைராஜிடம் போலி ரெஸ்யூமேயை நீட்டித் தப்பித்தவர் ஹூஸ்டனில் யாரும் கிடையாது. இண்டர்வியூவுக்கு வந்தவன் வாயைத் திறப்பதற்குள் எந்த வரி பொய் என்று சொல்லிவிடுவார். அந்தத் திறமை ஆபீஸோடு நின்றிருக்கலாம்.

ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்ட் ஊர் கிளப்பில் கால்பந்து ஆடும் அவர் மகள் அபிகாயிலுக்குப் புது கோச் வந்தார். பெயர் முவாபே. ஜாம்பியா நாட்டு அணியில் நடுக்களத்தில் ஆடியவராம். வந்த வாரமே, போன சீசனில் பதினாலு கோல் போட்ட பெண்ணை முன்வரிசையிலிருந்து எடுத்து நடுவில் நிறுத்தினார். அதற்கப்புறம் ஒன்பது ஆட்டத்தில் அபிகாயில் ஒரு கோல்கூடப் போடவில்லை. அடுத்த வருஷம் காலேஜ் அப்ளிகேஷனில் எதை எழுதுவது? கிருபைராஜ் கோச்சின் பழைய கதையை இண்டர்நெட்டில் தோண்ட ஆரம்பித்தார்.

"இந்த ஆளு மேல எனக்கு டவுட்டாவே இருக்கு" என்று லேப்டாப்பை மனைவி ஜெயலீலா பக்கம் திருப்பினார். "பதினோரு வருஷத்துல ஆறு கிளப். நடுவுல பதினாலு மாசம் கேப். நாட்டுக்காக முப்பத்தெட்டு மேட்ச், கோல் பூஜ்யம். பூஜ்யம் லீலா!"

"அவர்கிட்டயே கேட்டுடுங்களேன்."

"ஃபேக் பண்றவன்கிட்ட கேட்டா உண்மையச் சொல்வானா?"

"அபி சந்தோஷமா ஆடுறா. டீம் ஒரு மேட்ச் கூட தோக்கலையே."

அதெல்லாம் அவர் காதில் ஏறவில்லை. சந்தேகம் வந்தபின் கோச் செய்ததெல்லாம் கோணலாகவே தெரிந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடந்தால் நடிப்பு. முன்வரிசைக்குப் புதிதாக வந்த பெண்ணின் அப்பாவோடு சிரித்துப் பேசினால் உள்குத்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்த கையோடு கிளப் நிர்வாகிக்கு ஈமெயில் தட்டினார். அந்த ஆளின் பழைய கதையை வெரிஃபை பண்ணுங்கள், எங்கள் பிள்ளைகள் விஷயம். எல்லாப் பெற்றோருக்கும் காப்பி.

கிளப் கேட்டது. முவாபே தன் நாட்டுச் சங்கத்தின் கடிதம், படங்கள், அந்தப் பதினாலு மாதத்துக்கான முழங்கால் ஆபரேஷன் ரிப்போர்ட் எல்லாவற்றையும் கொண்டுவந்து கொடுத்தார். எல்லாம் நிஜம். கொடுத்த அன்றே வேலையையும் விட்டார்.

பார்க்கிங் லாட்டில் முவாபே கிருபைராஜுக்கு எதிரே வந்துவிட்டார். மனுஷர் கோபப்படவே இல்லை. "என் வேலை கோல் போடுவது இல்லை சார்" என்றார், நிதானமான ஆங்கிலத்தில். "எதிரணி எங்கள் கோல் பக்கமே வராமல் பார்த்துக்கொள்வது. அதை யாரும் எண்ணுவதில்லை. உங்கள் மகளுக்கு அந்தக் கண் இருக்கிறது." கிருபைராஜுக்கு அவமானமாக இருந்தது. அப்போதும் மனசின் ஒரு மூலை, 'நல்லாத்தான் பேசுறான்' என்றது.

அடுத்த சனிக்கிழமை முவாபே இடத்துக்கு வந்த கோச் அபிகாயிலை முன்வரிசைக்கே திருப்பி அனுப்பினார். அவள் இரண்டு கோல் போட்டாள். கிருபைராஜ் தொண்டை கிழியக் கத்தினார். ஆனால் நடுக்களம் காவலில்லாத தோட்டம் மாதிரி கிடந்தது. எதிரணிப் பெண்கள் புகுந்து புகுந்து ஆறு கோல் போட்டார்கள். அந்த சீசனில் முதல் தோல்வி. தோழிகள் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்க, அபிகாயில் யாரையும் பார்க்காமல் நேராகக் காருக்கு வந்தாள்.

"ரெண்டு கோல் அபி!" என்றார் கிருபைராஜ், வண்டியைக் கிளப்பிக்கொண்டே. அவர் குரல் அவருக்கே பிடிக்கவில்லை. "அப்ளிகேஷன்ல போட்டுக்கலாம்டா."

ஜெயலீலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பின் சீட்டிலிருந்து அபிகாயில் பேசினாள்.

"அப்பா, ப்ளீஸ் டோன்ட் கம் டு மை கேம்ஸ் எனிமோர்."