அரைவேக்காட்டு ராஜ்மா

தையல் தொழிற்சாலையின் சமையற்கட்டுக்கு அவள்தான் பொறுப்பு. பதினாறு வருடமாக முந்நூறு பேருக்கு ஆக்கிக் கொட்டுகிறவள். ஒரு திங்கட்கிழமை காலை, உணவு ஆலோசகர் என்று மேலாளர் ஒருவரை உள்ளே அழைத்து வந்தார். பார்த்தால் அவளுடைய கொழுந்தன்! போன வருடம்வரை வீடு வீடாகப் போய்த் தண்ணீர் வடிகட்டி விற்றவன். ஆறு மாதமாகச் சத்துணவு பற்றி வீடியோ போட்டுப் பெரிய மேதையாகிவிட்டான்.

ராத்திரி முழுக்க ஊறிய ராஜ்மாவின் தண்ணீரை அவள் கொட்டப் போனாள். அவன் பதறிக்கொண்டு குறுக்கே வந்தான்.

“ஐயோ அண்ணி, சத்தே அதுலதான் இருக்கு! அந்தத் தண்ணியோடயே இளஞ்சூட்டுல வையுங்க. கொதிச்சா உயிர்ச்சத்து செத்துடும்.”

“தம்பி, ராஜ்மாவுல நஞ்சு இருக்கு. ஊறின தண்ணிய கொட்டிட்டு, புதுத்தண்ணியில அரை மணி நேரம் தளதளன்னு கொதிச்சாத்தான் அது போகும். இளஞ்சூட்டுல வெச்சா பச்சையா திங்கறதைவிட மோசம்.”

“நீங்க எதுவரைக்கும் படிச்சீங்க அண்ணி?”

மேலாளர் கெக்கெக்கென்று சிரித்தார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஆளுங்க சாப்பிடற அண்டா என் பக்குவத்துலதான் வேகும். உங்க வித்தையைத் தனிச் சட்டியில காட்டிக்குங்க” என்றாள் கறாராக.

காட்டினான். மதியம் அவள் அந்தச் சட்டியைத் தூக்கிக் கொட்டப் போனபோது வெடுக்கென்று பிடுங்கி, கேமரா முன்னால் ஒரு கிண்ணம் நிறையத் தின்றான். ஜால்ரா தட்டியே பழகிய மேலாளரும் நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டார்.

இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. மேதை கழிப்பறைக் கதவைப் பிடித்துக்கொண்டு குடலைப் புரட்டி வாந்தி எடுத்தார். பின்னாலேயே மேலாளர். அவள்தான் வண்டி பிடித்து இருவரையும் மருத்துவமனையில் சேர்த்தாள்.

“என்ன சாப்பிட்டீங்க?” என்று டாக்டர் கேட்டார்.

“காலையில அண்ணி குடுத்த காபிதான் டாக்டர். அப்பலேர்ந்தே ஒரு மாதிரி...”

அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அரைவேக்காட்டு ராஜ்மா டாக்டர். ஊறின தண்ணியோட.”

டாக்டர் தலையாட்டிவிட்டு டிரிப்ஸ் ஏற்றச் சொன்னார்.

மூன்றாம் நாள் மேலாளர் வெளிறிப்போய் வேலைக்கு வந்தார். வருத்தம் தெரிவிக்க வாய் வரவில்லை. “இனிமே வெளியாளுங்க வேண்டாம்னு நான் முடிவு பண்ணிட்டேன்” என்றார், ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

சாயங்காலம் கொழுந்தன் போன் செய்தான்.

“அண்ணி, அண்ணன்கிட்ட இதைச் சொல்லிடாதீங்க.”

“சொல்ற அளவுக்கு நீங்க பெரிய ஆளில்ல தம்பி.”

போனை வைத்தபோது அவளுக்குக் கோபம்கூட மிச்சமில்லை. செருப்பில் ஒட்டியதை உதறுகிற அருவருப்புதான் இருந்தது.