நாலாவது தட்டு

இசைத் தாளின் முகப்பில் நான்கின் மேல் நான்கு போட்டிருந்தால் நான்கு எண்ண வேண்டும். டீச்சரின் வகுப்பில் அதற்கு முதல் பயிற்சி, மூன்றைத் தட்டிவிட்டு நாலாவதில் கையைச் சும்மா வைத்திருப்பது. தட்டாத இடத்தையும் சேர்த்து எண்ணத் தெரியாதவருக்குத் தாளம் வராது என்பார். அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். மாணவர்கள் ஆறு பேரும் பேரன் பேத்தி எடுத்தவர்கள்தான். ஆனாலும் அவர் முன்னால் பெட்டிப் பாம்பாக அடங்கிக் கிடப்பார்கள்.

அன்று பகல் வகுப்பில் நாலாவது எண்ணிக்கையில் ஒரு கை தட்டியது. இம்மி முந்திவேறு.

"யாருங்க அது? நாலுல தட்டாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

பஸ் டிரைவர் பல் டாக்டரைப் பார்த்தார். பல் டாக்டர் தையல்காரம்மாவைப் பார்த்தார். மறுபடி எண்ணினார்கள், மறுபடி தட்டியது.

திருட்டுக் கையைப் பிடிக்க டீச்சரிடம் ஒரு வழி இருந்தது. ஒவ்வொருவராகக் கையைத் தொடைக்கடியில் வைத்து உட்காரச் சொன்னார். கடைசியில் ஆறு பேரும் கையின் மேல் உட்கார்ந்திருக்க, வாயால் மட்டும் எண்ணினார். நாலில் தட்டு விழுந்தது, பின்வரிசைக் காலி நாற்காலியிலிருந்து. ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

அந்த முந்தல் டீச்சருக்குத் தெரிந்ததுதான். அவருடைய தங்கை. அவசரக்குடுக்கை. நாலாவதில் கையைக் கட்டிப்போட அவளால் ஒருநாளும் முடிந்ததில்லை. "உனக்கு இந்த ஜென்மத்துல தாளம் வராது, எழுந்து போ" என்று பத்துப் பேர் நடுவில் இவர்தான் சொன்னார். அந்த நாற்காலியிலிருந்து எழுந்து போனவள் அப்புறம் அக்கா வீட்டுப் படியை மிதிக்கவேயில்லை. போன மாதம் செத்தும் போனாள். மன்னிப்புக் கேட்க இவருக்கு மனம் வந்தும் வாய் வரவில்லை. பாழாய்ப்போன வீம்பு.

"டீச்சர், மூணா மாத்திடுங்க," என்றார் தையல்காரம்மா. "மூணையும் நாமளே தட்டிட்டா அதுக்கு இடமே இருக்காதுல்ல?"

பயத்தில் டீச்சரும் மாற்றினார். ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்று, இரண்டு, மூன்று. சும்மா இருக்கும் இடமே இல்லை. ஆட்கள் தட்டியது தவிர வேறு சத்தமும் இல்லை. பஸ் டிரைவர் சிரிக்கக்கூடச் செய்தார்.

அப்போது பின்னால் நாற்காலி நகர்ந்தது. யாரோ எழுந்து நடப்பதுபோல், தரைப் பலகைகள் கதவுப் பக்கமாக ஒவ்வொன்றாய் முனகின.

இரண்டாவது தடவையும் விரட்டிவிட்டோமே என்று டீச்சருக்கு உறைத்தது.

"நிறுத்துங்க! நாலு! எல்லாரும் பழையபடி நாலா எண்ணுங்க!"

யாரும் கையைத் தூக்கவில்லை. டீச்சர் தனியாகத் தட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. நாலில் ஒன்றுமில்லை.

"வந்து உட்காருடி," என்றார், எல்லார் முன்னாலும் அழுதுகொண்டே. "எங்க வேணும்னாலும் தட்டிக்கோ. தப்பு என்னோடது."

ஒன்று. இரண்டு. மூன்று.

கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. இம்மியும் முந்தாமல், சரியாக நாலில்.